டீச்சருக்க வீட்டுக்காரர்

எங்கள் வீட்டு ஆட்டுரலை நானே லாரியிலிருந்து இறக்கக் கூடாது என்று நான்கு பேர் வந்து சொன்னார்கள். தலையில் சிவப்புத் துண்டு கட்டிய சுமட்டுக்காரர்கள், சுமை இறக்கும் சங்கத்தார். ஜூன் மாத மழை தார்ப்பாயின் நான்கு மூலையிலும் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் உரலைக் கட்டிப்பிடித்தபடி லாரியின் விளிம்பில் நின்றேன்.

"சாரே, அதெ வையுங்கோ. அது எங்களுக்க சோலியாக்கும்" என்றார் அவர்களில் மூத்தவர்.

"இது என் வீட்டு உரல்" என்றேன்.

"உரலு ஒங்களுக்க உரலுதான். எறக்கது நாங்க."

வேறு வழியில்லாமல் வைத்தேன். அவர்கள் உரலை இறக்கினார்கள், பீரோவை இறக்கினார்கள், கட்டிலை இறக்கினார்கள். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. என்னைவிட நன்றாகவே இறக்கினார்கள். போகும்போது மூத்தவர் உரலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "பாண்டியிலேருந்து கல்லும் கொண்டு வந்திருக்காரு. இஞ்ச கல்லு இல்லேன்னு யாரு சொன்னா?" என்று மற்றவர்களிடம் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று முதல் நான் பாண்டிக்காரன். தமிழ்நாட்டின் உள்பக்கத்திலிருந்து யார் வந்தாலும் அந்த ஊரில் அவர் பாண்டிதான். சொன்னவர்களும் வீட்டில் தமிழ்தான் பேசினார்கள் என்பது எனக்கு மேலும் ஒரு வருத்தம்.

கேரள எல்லைக்குள், பாறசாலையைத் தாண்டி உதியன்குளங்கரைக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஊர் அது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவு இருந்தது. அதில் பாடம் நடத்திக்கொண்டிருந்த டீச்சர் கணவரோடு வளைகுடாவுக்குப் போய்விட்டார். ஐந்து வருஷ விடுப்பு. அந்த இடத்துக்கு என் மனைவிக்கு வேலை கிடைத்தது. விருதுநகரில் ஒரு சிறிய அச்சகத்தில் நான் பிழை திருத்துபவனாக இருந்தேன். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். "பெண்டாட்டி வேலைக்குப் போற ஊருக்குப் புருஷன் பெட்டியைத் தூக்கிட்டுப் போறானாம்" என்று என் பெரியப்பா தெருவில் நின்று சொன்னார். நான் அவசரமாக, "ஒரு வருஷம் பார்த்துட்டு வந்துருவோம்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். அச்சக முதலாளியும் நல்லவர். "போய்ட்டு வா. ஒரு வருஷம் தப்போடயே அச்சடிச்சுக்கிறோம்" என்றார்.

எங்களுக்கு வீடு கொடுத்தவர்கள் மூன்று தலைமுறையாகச் சர்க்கார் ஆபீஸ்களில் எழுதியே வளர்ந்த ஒரு சைவக் குடும்பம். வீட்டுக்கார அக்காவும் நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசில் கிளார்க். நாற்பத்தைந்து வயதிருக்கும். காலை எட்டரை மணி பஸ்சுக்குக் குடையும் டிபன் பாத்திரமுமாக ஓடுவார். அவருடைய கணவரை நாங்கள் அண்ணன் என்போம். அம்பூரியில் அவருக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் இருந்தது; ஊரில் கோயில் கமிட்டிச் செயலாளர் பதவி இருந்தது. இரண்டில் கமிட்டிதான் அவருக்கு அதிக வேலை வைத்தது. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் இரண்டு அறையும் ஓர் அடுக்களையுமாக ஒரு சிறிய ஓட்டு வீடு. அதுதான் எங்களுடையது.

முதல் மூன்று மாதம் என் மனைவி ராத்திரிச் சாப்பாட்டின்போது தினமும் அழுதாள். மழை ஒரு காரணம். எங்கள் ஊரில் மழை வந்தால் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்ப்போம். இங்கே அது நின்றால்தான் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. துவைத்த துணி நான்கு நாள் கொடியில் கிடந்து நாய்க்குட்டி மணம் வீசியது. என் தோல் பெல்ட்டில் பச்சைப் பூசணம் பூத்தது. அதைத் துடைத்தால் மறுநாள் செருப்பில் பூத்தது. தேங்காயெண்ணெய் இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் பள்ளிக்கூடம்.

முதல் வாரம் ஐந்தாம் வகுப்பில் இயற்கைச் சீற்றங்கள் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறாள். "உங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள். ஒரு பெண் எழுந்து, "குடிப்போம் டீச்சர்" என்றாள். இன்னொருத்தி, "எங்களுக்க வீட்டுல பைப்பு இல்ல, கெணறுதான்" என்றாள். அந்த ஊரில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். வகுப்பு முழுக்கத் தண்ணீருக்கு ஏன் இந்த டீச்சர் இப்படிப் பயப்படுகிறாள் என்று அவளைப் பரிதாபமாகப் பார்த்திருக்கிறது. அவள் அதைச் சொல்லி அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

எனக்கும் அழ நிறையக் காரணம் இருந்தது. ஆண்பிள்ளை என்பதால் அழவில்லை. வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். காலையில் அவளுக்குச் சோறு கட்டிக்கொடுப்பது, பாத்திரம் கழுவுவது, காய்கறி வாங்குவது எல்லாம் நான்தான். எனக்கு ஊரில் பெயரே கிடையாது. "டீச்சருக்க வீட்டுக்காரர்" என்பார்கள். சாயாக்கடையில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் அதோடு நிறுத்தமாட்டார்கள். "நல்லா சமைப்பாராக்கும்" என்று சேர்த்துக்கொள்வார்கள்.

குளியல் விஷயத்தில்தான் மிகவும் தலைகுனிந்தேன். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் நாள் விட்டு நாள் வரும். ஒரு வாளியில் குளித்து, அந்தத் தண்ணீரையே முருங்கைக்குப் பாய்ச்சி வளர்ந்தவன் நான். இங்கே மனிதர்கள் காலையில் ஒருமுறை, வேலை முடிந்து வந்து ஒருமுறை என்று குளித்தார்கள். யாரைப் பார்த்தாலும் எங்கள் ஊரில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்போம். இங்கே "குளிச்சாச்சா?" என்று கேட்டார்கள். நான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வந்ததும் கிணற்றடியில் நின்று என் மனைவியிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"ஏன் டீச்சரே, சாருக்குச் சுகமில்லியா?"

"நல்லாத்தானே இருக்காங்க. ஏன்க்கா?"

"வைட்டு குளிக்கதையே காணூல்ல. காச்சலோன்னு நெனைச்சேன்."

அன்றிலிருந்து நான் இரண்டு வேளை குளித்தேன். முதலில் மானத்துக்காக. பிறகு பழகிவிட்டது. கிணற்றில் வாளியை விட்டால் நான்கு முழத்தில் தண்ணீர். கயிறு இழுக்கிற வேலையே இல்லை. வாளி வாளியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்பேன். எத்தனை கவிழ்த்தாலும் கிணறு அப்படியே இருக்கும். சில நாள் ஐம்பது வாளி வரை எண்ணியிருக்கிறேன். இதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

வேட்டி விஷயத்திலும் ஒரு குட்டு வாங்கினேன். மடித்துக் கட்டிய வேட்டியோடு நடந்து போகும்போது எதிரே மதிப்புக்குரியவர் வந்தால் அந்த ஊரில் மடிப்பை அவிழ்த்துத் தாழ்த்திவிட வேண்டும். அது வணக்கம் மாதிரி. எனக்குத் தெரியாது. ஊரில் பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் முழங்காலைக் காட்டிக்கொண்டே மூன்று மாதம் நடந்திருக்கிறேன். அண்ணன்தான் நாசூக்காகச் சொன்னார்: "சாரே, ஒங்களுக்க காலு நல்ல காலுதான். எல்லாரும் பாத்தாச்சு. இனி மதி." மதி என்றால் போதும்.

இத்தனை அவமானங்களுக்கும் நடுவே எனக்கு ஒரு பெருமை மிச்சமிருந்தது. என் தமிழ். பதினோரு வருஷம் பிழை திருத்தியவன். ஒற்று மிகுமா மிகாதா என்று வாத்தியார்களே வந்து கேட்டுப்போவார்கள். இந்த ஊர்த் தமிழைக் கேட்கக் கேட்க என் கை பேனாவைத் தேடியது. சாயாக்கடைப் பலகையில் எழுத்துப் பிழை இருந்தது, சொன்னேன். பஸ் நிறுத்தத்து அறிவிப்பில் இருந்தது. கரிக்கட்டியால் நானே திருத்தினேன். பேச்சையும் விடவில்லை. "போறேன்னு சொல்லக் கூடாது, வருகிறேன்னு சொல்லணும்" என்று ஒருவரிடம் சொல்லப்போக, அவர் "நான் போகத்தான சாரே செய்யேன்" என்று நியாயமாகவே குழம்பினார். நான் பேசுவது ரேடியோச் செய்தி மாதிரி இருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் மாதத்தில் அண்ணன் ஒரு தாளோடு வந்தார். கோயிலில் மண்டல நிறைவு விழா. நோட்டீஸ் ஒருபக்கம் மலையாளத்திலும் மறுபக்கம் தமிழிலும் அச்சிடுவது வழக்கம். தமிழ்ப் பக்கத்தை அவர் கையாலேயே எழுதியிருந்தார்.

"சார் ஒண்ணு பாத்துத் தரணும். நமக்க எழுத்துல தப்பு காணும். படிச்ச ஆளு ஒருத்தர் இஞ்ச இருக்கும்போ தப்போட அச்சடிச்சா நாணக்கேடில்லியா?"

ஆறு மாதத்தில் என்னை ஒரு வேலைக்கு யாரோ கேட்டது அதுதான் முதல் தடவை. குளித்துவிட்டு உட்கார்ந்தேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன். தாள் முழுக்கச் சிவப்பாக்கினேன். கடைசிப் பகுதியில், பெண்கள் தட்டில் விளக்கேந்தி வலம் வரும் தாலப்பொலி பற்றிய வரி வந்தது: 'வைகிட்டு 5 மணிக்குத் தாலப்பொலி.'

வைகிட்டு. அப்படி ஒரு சொல் எந்த அகராதியிலும் இல்லை. இது என்னவாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். மார்கழி மாதம். எங்கள் ஊரில் மார்கழியில் கோயில் என்றால் இருட்டு விலகுமுன் எழுந்து போவதுதான். அண்ணன் வைகறை என்று எழுத நினைத்துக் கை வழுக்கியிருக்கிறார். பாவம். 'வைகிட்டு'வை அடித்துவிட்டு அழகாக 'வைகறை' என்று எழுதினேன். ஆறு மாதமாக ஊரே என்னைச் சுற்றி "வைட்டு வைட்டு" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. வைட்டு வருகிறேன், வைட்டு குளிக்கணும், வைட்டு மழை வரும். அந்தச் சாயங்கால வைட்டுக்கு எழுத்தில் வைகிட்டு என்றொரு முழு உருவம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணன் சிவப்பைப் பார்த்து மலைத்துப் போனார். படிக்காமலேயே பாறசாலை அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். படித்தவன் திருத்தியதைத் திரும்பப் படிப்பது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார்.

விழா அன்று விடியுமுன் வெளியே பேச்சுச் சத்தம் கேட்டு விழித்தேன். ஜன்னலைத் திறந்தேன். பாதையில் வரிசையாக விளக்குகள் போய்க்கொண்டிருந்தன. குளித்து, ஈரக் கூந்தலை நுனியில் முடிந்து, கரைபோட்ட வெள்ளைத் துணி உடுத்திய பெண்கள். கையில் தட்டு, தட்டில் பூ, பூவின் நடுவே அரைத் தேங்காயில் எரியும் திரி. எவ்வளவு நேர்த்தியான நோட்டீஸ், எவ்வளவு கூட்டம் என்று என் நெஞ்சு விம்மியது. மனைவியை எழுப்பினேன். இருவரும் குளித்துவிட்டுப் போனோம்.

கோயில் பூட்டியிருந்தது. வாசலில் பாதி ஊர்ப் பெண்கள் விளக்கோடு நின்றார்கள். பூசை செய்யும் போற்றி கிணற்றடியில் உமிக்கரியால் பல் துலக்கிக்கொண்டிருந்தவர், கரி படிந்த வாயோடு எட்டிப்பார்த்து, "என்ன விசேஷம்? யாருக்கென்ன ஆச்சு?" என்று கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் ஓடிவந்தார். யாரோ போய் எழுப்பியிருக்கிறார்கள். கையில் நோட்டீஸ். விளக்கு வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"வை... கறை. வைகறைன்னா என்ன சாரே?"

"விடியற்காலை."

"நான் எழுதினது வைகிட்டுல்லா?"

"அது பிழைன்னு நெனைச்சேன்."

அண்ணன் என்னையே பார்த்தார். அவருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். குரல் உயர்ந்தது, ஆனால் அது கோபமில்லை, வேதனை. "சாரே, வைட்டு! வைட்டு எனக்க வீட்டுல இருந்து டிவி பாப்பியளே, அந்த வைட்டு! சூரியன் அங்க எறங்கும்போ வருமே, அந்த வைட்டாக்கும்!"

என் மனைவி பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டாள். மயக்கமோ என்று குனிந்து பார்த்தேன். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. ஜூன் மாதத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்த பெண்களுக்கும் சிரிப்பு தொற்றியது. வரிசையின் இந்தக் கோடியில் தொடங்கி அந்தக் கோடி வரை போனது.

அப்போதுதான் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. நோட்டீஸின் மலையாளப் பக்கத்தில் நேரம் சரியாகவே இருந்தது. ஆகவே தமிழ்ப் பக்கத்தைப் படித்தவர்கள் விடியற்காலையிலும், மலையாளப் பக்கத்தைப் படித்தவர்கள் சாயங்காலமும் வருவதாக ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரே வீட்டில் அக்காள் விளக்கோடு கோயிலில் நிற்க, தங்கை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு மொழியும் ஒரே வாயில் பேசுகிற ஊர். யார் எந்த மொழியில் படிக்கிறார்கள் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. நான் ஒரே ஒரு சொல்லைத் திருத்தி அதைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தேன். எல்லோரையும்விட மோசமான நிலைமை அக்காவுக்கு. செயலாளரின் மனைவியாகிய அவரே விளக்கோடு வரிசையில் முதலாவதாக நின்றுகொண்டிருந்தார். "வீட்டுல செயலாளர்கிட்ட கேக்காம நோட்டீசைப் பாத்து வந்தியா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "அவரு சொல்லத நம்பதுக்குப் பதிலா நோட்டீசை நம்பலாம்னு நெனைச்சேன்" என்றார்.

என்ன செய்வது என்று கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசினார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வரலாம் என்றார் ஒருவர். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "கொளுத்தின வெளக்கை வழியில வச்சு ஊதி அணைக்கதுக்கு எனக்கு மனசில்ல. போற்றி வாயைக் கழுவிட்டு நடையைத் திறக்கட்டும்."

போற்றி வாயைக் கழுவினார். நடை திறந்தது. செண்டைக்காரர்கள் சாயங்காலம்தான் வருவார்கள் என்பதால் மேளம் இல்லை. பெண்கள் குரவையிட்டுக்கொண்டே மூன்று முறை கோயிலைச் சுற்றினார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. குரவை ஓய்ந்த இடங்களில் கால் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ என் மனைவியின் கையிலும் ஒரு தட்டைக் கொடுத்துவிட்டார்கள். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரி அணைந்துவிடுமோ என்று மூச்சுவிடாமல் நடந்தாள். நான் ஆலமரத்துக்குப் பின்னால் நின்றேன். மறைவதற்குத்தான் போனேன்; ஆனால் அங்கிருந்து பார்க்க நன்றாக இருந்தது.

சாயங்காலம் மேளத்தோடு மறுபடியும் தாலப்பொலி நடந்தது. நான் போகவில்லை. ஒரு வாரம் சாயாக்கடைக்கும் போகவில்லை. எட்டாம் நாள் போனபோது கடைக்காரர் ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "சாருக்கு வைகறைச் சாயாவா, வைட்டுச் சாயாவா?" அப்போது பகல் பதினொரு மணி.

இந்தக் கூத்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது என்றால் நம்பமாட்டீர்கள். பாறசாலை அச்சகக்காரர் ஆளனுப்பி அழைத்தார். "சாரே, தப்பு கண்டுபிடிக்கதுக்கு ஒங்களைப்போல ஆளு கிட்டாது. இல்லாத தப்பையும் கண்டுபிடிச்சியளே. தினமும் உச்சைவரை வந்து புரூஃப் பாருங்கோ. ஒரே ஒரு நிபந்தனை. எதையும் கேட்டுட்டுத் திருத்தணும்." கேட்டுக் கேட்டுத்தான் அந்த ஊர்ச் சொற்கள் எனக்குப் பழகின. கல்யாணப் பத்திரிகையில் 'உச்சைக்கு விருந்து' என்று வந்தால் அது நண்பகல் என்று புரிந்தது. சிவப்பு மை மெதுவாகக் குறைந்தது.

மார்ச் கடைசியில் விருதுநகர் முதலாளியிடமிருந்து கடிதம் வந்தது. வயதாகிவிட்டது, அச்சகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், மே மாதம் வந்துவிடு, முழுப் பொறுப்பும் உனக்குத்தான் என்று எழுதியிருந்தார். கடிதத்தை நான் இரண்டுமுறை படித்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது என்னவோ கிணற்றின் ஞாபகம்.

ஆனால் இதை எப்படிச் சொல்வது? மூன்று மாதம் அழுதவள். அவளை இங்கே பிடித்துவைப்பது நியாயமா? கடிதத்தை அவளிடம் கொடுத்து, "ஒரு வழியா ஊருக்குப் போகலாம்" என்றேன். குரலில் உற்சாகத்தை வரவழைத்துக்கொண்டேன்.

அவள் படித்துவிட்டு, "நல்லதுங்க. போயிரலாம்" என்றாள். உடனே அடுக்களைக்குப் போய்விட்டாள். என்ன அவசரம் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அண்ணனோடு கோயில் குளக்கரையில் உட்கார்ந்திருந்தபோது மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டேன். எனக்குப் போக மனமில்லை, அவளுக்காகத்தான் போகிறேன். அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "கஷ்டந்தான்" என்றார். அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசுகிறவர் இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஏப்ரலில் பள்ளி மூடியதும் மூட்டை கட்ட ஆரம்பித்தோம். அவள் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றுவாள். நான் பெட்டியில் அடுக்குவேன். ஒருவரை ஒருவர் சந்தோஷப்படுத்த, "அங்கே வெயில் நல்லா அடிக்கும்" என்பேன். "ஆமா, துணி ஒரு மணி நேரத்துல காஞ்சிரும்" என்பாள். "நல்லெண்ணெய்ல சமைக்கலாம்." "ஆமா." பிறகு அடுத்த பெட்டியைத் திறப்போம்.

லாரி பேசுவதற்காக நான் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய நாளில் அக்கா வந்து வாசலில் நின்றார். பின்னால் அண்ணன்.

"எங்க போறிய?"

"லாரி பேச."

"உள்ள இரியுங்கோ. டீச்சரே, இஞ்ச வாருங்கோ."

இருவரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அக்கா ஆபீஸில் மனு விசாரிப்பதுபோல நின்றார்.

"டீச்சர் எங்கிட்ட என்ன சொன்னிய? சொல்லுங்கோ."

என் மனைவி தரையைப் பார்த்தாள்.

"சரி, நான் சொல்லுதேன். 'அக்கா, எனக்குப் போக இஷ்டமில்ல. இவங்க எனக்காக இங்க வந்து, ஆம்பிள அடுக்களையில நின்னு, ஊரெல்லாம் சிரிச்சு, பாவம் இவங்களை இன்னும் இங்க இருன்னு சொல்ல எனக்கு வாய் வரலை'ன்னு அழுதியளா, இல்லியா? சாரு இவருகிட்ட என்ன சொன்னிய? அதையும் சொல்லட்டா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு வாரமாச்சு" என்றார் அண்ணன் பின்னாலிருந்து. "ராத்திரி சாப்பிடும்போ இவ டீச்சர் சொன்னதைச் சொன்னா, நான் சாரு சொன்னதைச் சொன்னேன். சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் பொரை ஏறிட்டுது. யாரு மொதல்ல வாயைத் தொறப்பாங்கன்னு பாத்துட்டு இருந்தோம். நீங்க தொறக்கமாட்டிய போலிருக்கு. லாரி வந்தா அந்தச் சுமட்டுக்காரங்ககிட்ட நாங்க என்னத்தைச் சொல்ல?"

"ரெண்டு வாரமா தெரிஞ்சுமா எங்களை மூட்டை கட்ட விட்டீங்க?" என்று கேட்டாள் என் மனைவி. அவள் குரலில் முதலில் கோபம்தான் இருந்தது.

"கட்டினது நல்லதுதானே. வீடு தூத்து வாரின மாதிரி ஆச்சு" என்றார் அக்கா.

அவர்கள் போன பிறகு இருவரும் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தோம். "நிஜமாவே இருக்கணும்னு தோணுதா?" என்று கேட்டேன். அவள் என் பக்கம் திரும்பினாள். "அங்க நான் உங்க வீட்டு மருமக. எங்க போனாலும் யாராவது கூட வரணும், யார்கிட்டயாவது சொல்லணும். இங்க நான் டீச்சர். குடையை எடுத்துக்கிட்டு நெய்யாற்றின்கரை வரைக்கும் பஸ்ல போய்ட்டு வர்றேன், ஒருத்தரும் ஏன்னு கேக்கலை. காட்டாக்கடைச் சந்தைக்குக்கூடத் தனியாப் போயிருக்கேன். உங்களுக்குத் தெரியாது." பிறகு, "உங்களுக்கு என்னங்க?" என்றாள்.

கிணறு என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. ஐம்பது வாளிக் கதையைச் சொன்னபோது நம்பினாள். "அதான் சோப்பு இந்த வேகத்துல கரையுதா?" என்றாள்.

முதலாளிக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதினேன். அவர் ஒரு கார்டில் பதில் போட்டார்: 'நல்லா இரு. உன் கடிதத்தில் மூன்று சொல் எனக்குப் புரியவில்லை.' என் பெரியப்பாவிடம் வேறு யாரோ போய்ச் சொன்னார்கள். அவர் சொன்னதை நான் இங்கே எழுதவில்லை.

இருப்பது என்று முடிவானதும் ரேஷன் கார்டு வேண்டும் என்றார் அக்கா. விருதுநகர் கார்டை ஒப்படைத்ததற்கான சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்து, ஒரு திங்கட்கிழமை அவரோடு நெய்யாற்றின்கரைக்கு நாங்கள் இருவரும் போனோம். அங்கே விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த குமாஸ்தா ஓரிடத்தில் நிறுத்தினார்.

"வீட்டுப்பேரு எழுதலியே?"

எங்கள் ஊரில் வீட்டுக்கு எண் உண்டு, பெயர் கிடையாது. இந்தப் பக்கத்தில் மாட்டுத் தொழுவத்துக்குக்கூடப் பெயர் இருந்தது. எங்கள் ஓட்டு வீட்டுக்கு மட்டும் யாரும் வைத்திருக்கவில்லை. "பேரில்லாத வீட்டுக்குக் கார்டு கொடுக்க முடியாது" என்றார் அவர். அக்கா தன் வீட்டுப் பெயரையே எழுதிக்கொள்ளச் சொன்னார். அதில் ஏற்கெனவே ஒரு கார்டு இருக்கிறதாம். ஏதாவது சாமி பெயரை எழுதுங்கள் என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

என் மனைவி பேனாவை வாங்கி, தான் பிறந்த ஊரின் பெயரை எழுதினாள். விருதுநகர்ப் பக்கத்து ஊர்கள் பலவற்றையும் போல அதுவும் 'பட்டி' என்றுதான் முடியும். குமாஸ்தா அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"டீச்சரே, மலையாளத்துல பட்டின்னா நாயாக்கும்."

"தெரியும் சார். பிள்ளைங்க முதல் வாரமே சொல்லிட்டாங்க."

"பொறவு? நல்ல பேரா வேற ஒண்ணு..."

"அது எங்க ஊரு. அதையே எழுதுங்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். குமாஸ்தா முத்திரையைக் குத்தினார்.

கார்டு ஒரு மாதத்தில் வந்தது. ரேஷன் கடையில் வீட்டுப்பெயரைச் சத்தமாகப் படித்துத்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். எங்கள் முறை வரும்போது கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு முழுப் பெயரையும் படிப்பார். கடைசி மூன்று எழுத்தைக் கொஞ்சம் இழுப்பார். வரிசையில் யாராவது ஒருவர் மெதுவாகக் குரைப்பார். என் மனைவி திரும்பிப் பார்க்கமாட்டாள். பையை நீட்டி, எடையைச் சரிபார்த்து, அரிசியை என் தலையில் ஏற்றிவிட்டு, மண்ணெண்ணெய் டின்னைத் தான் எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பாள்.